‘இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தே?’

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 44. தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பதற்றம், மனச்சோர்வு என்று பல வருடங்களாக மாத்திரை எடுத்துவருகிறேன். புதிதாகப் பார்த்த மருத்துவர் என் சிறுவயதைப் பற்றி நிறையக் கேட்டார். அம்மாவையும் வரச்சொல்லிப் பேசினார். கடைசியில் ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணர்வதும் பிறவியிலேயே வேறு மாதிரி இருப்பது) என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கல்லூரித் தோழிகள் சொல்லாமல் கொள்ளாமல் விலகியது, முதல் வேலையில் ‘திமிர் பிடித்தவள்’ என்று பெயரெடுத்தது எல்லாம் ராத்திரி ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. கணவர், “இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தே, இப்ப எதுக்கு இந்தப் பேரு?” என்கிறார். அம்மா, “இதுல என்ன இருக்கு, நானும் அப்படித்தான்” என்று முடித்துவிட்டார். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் சிரிக்கவும் பேசவும் கற்றுக்கொண்டேன். அப்படியென்றால் உண்மையான நான் யார்? அலுவலகத்தில் சொல்லிவிடட்டுமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் அவசரம் தெரிகிறது. அலுவலகத்தில் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. உங்களுக்கு வேண்டியதை ஆட்டிசம் என்ற பெயரை எடுக்காமலே கேட்கலாம். “வேலையை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள், எனக்கு அது வசதி”, “கூட்டத்தில் என்ன பேசப்போகிறோம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்”, “பிரிண்டர் பக்கத்து இருக்கை வேண்டாம்”. இதையெல்லாம் யார் கேட்டாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால், அப்போது யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

இன்னொரு அவசரம் மாத்திரை. ‘ஆட்டிசம்தானே, அப்போது மனச்சோர்வு என்று சொன்னதெல்லாம் பொய்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது. ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்குப் பதற்றமும் சோர்வும் கூடவே இருக்கின்றன, அவை நிஜமான நோய்கள். குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சரி, கோபத்துக்கு வருவோம். நீங்கள் பிறந்த காலத்தில் உங்களைக் கண்டுபிடிக்கக்கூடிய மருத்துவப் புத்தகமே எழுதப்பட்டிருக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் என்று முதன்முதலாக விவரித்த குழந்தைகள் 11 பேர், அதில் 8 பேர் பையன்கள். நன்றாகப் பேசுகிற, படிக்கிற, ஆனால் மனிதர்களோடு ஒட்டத் தெரியாத பிள்ளைகளைப் பற்றி ஆங்கில உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியதே 1981-ல் லோர்னா விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். அவர் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகளுக்குத் தாயும்கூட. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஆஸ்பெர்கர் என்ற பெயர் ஏறியது 1994-ல், அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். சத்தமும் வெளிச்சமும் துணியின் உறுத்தலும் தாங்க முடியாமல் போவது அதே கையேட்டில் ஓர் அடையாளமாகச் சேர்ந்தது 2013-ல்தான். கற்றுக்கொண்ட உத்திகளால் அடையாளங்கள் பிற்காலத்தில் மறைந்திருக்கலாம் என்று அந்தப் பதிப்பு சொல்கிறது. அந்த வரி உங்களுக்காகவே எழுதியது மாதிரி இல்லையா? உங்கள் டீச்சரையும் பழைய மருத்துவர்களையும் இதற்காக மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கோபம் வருவது நியாயம்தான். ஒரு ஆளைத் தேடிப்பிடித்து அவர் தலையில் கட்ட முடியாது, அவ்வளவுதான்.

எனக்கும் ஆட்டிசம் என்று தெரியவந்தபோது வயது 51. கணக்கு டீச்சராக இருந்தேன். வகுப்பில் ஒரு சிரமமும் இல்லை. என் பாடம், என் கரும்பலகை, நான் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். ஆசிரியர் அறைதான் பிரச்சினை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யார் கிண்டலாகச் சொல்கிறார், யார் நிஜமாகச் சொல்கிறார் என்று பிரித்துக்கொண்டிருப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். துக்க வீட்டில் என்ன சொல்வது, பதவி உயர்வு கிடைத்தவரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்குகூடப் போடாமல் படுத்துவிடுவேன். பார்த்தவர்கள் எல்லாருக்கும் நானும் நல்லாத்தான் இருந்தேன்.

உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை. நன்றாக இருந்தீர்கள். அதற்கு என்ன செலவானது என்பதுதான் அவருக்குத் தெரியாது. இனி செய்யவேண்டிய வேலை அந்தச் செலவைக் குறைப்பது மட்டும்தான். புது மனுஷியாக மாறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவரிடம் ஆட்டிசம் பற்றிய புத்தகத்தை நீட்டாதீர்கள். “விருந்தாளிகள் போனபிறகு எனக்கு ஒரு மணி நேரம் தனியாக இருக்கணும். அப்புறம் நானே வந்து பேசுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். முடியாதது எது என்பதோடு, பதிலுக்கு என்ன செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ‘சாக்கு கிடைத்துவிட்டது இவளுக்கு’ என்ற பயம் அவருக்குக் குறையும். அந்தப் பயம் அவருக்கு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தானும் ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான். உங்களுக்கு மற்றவர்கள் மனது புரிவதில்லை என்று மட்டுமே இதுவரை கேட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்கும் உங்கள் மனது புரிவதில்லை. வீட்டுச் சண்டையில் இதை ஆயுதமாக எடுக்காமல் மனதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான நான் யார்? பார்த்துக் கற்றுக்கொண்டதாலேயே உங்கள் சிரிப்பு பொய்யாகிவிடாது. என் வகுப்பறைக் குரல் இன்னொரு டீச்சரிடமிருந்து எடுத்தது. அதை நான் விடமாட்டேன், எனக்குப் பிடித்த குரல் அது. ஆசிரியர் அறையில் புரியாத பேச்சுக்குத் தலையாட்டுவதை விட்டுவிட்டேன். நீங்களும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், எது செய்தால் மறுநாள் வரை அசதி போகமாட்டேன் என்கிறது, எது இல்லாவிட்டால் உங்களுக்கே குறையாக இருக்கும் என்று. விடுவதை முதலில் வீட்டுக்குள் விடுங்கள். கண்ணைப் பார்க்காமல் பேசுவது, கையை ஆட்டிக்கொண்டே யோசிப்பது, சத்தமான இடத்தில் காதடைப்பான் போட்டுக்கொள்வது. நான் காதடைப்பான் போட ஆரம்பித்த பிறகு தலைவலி மாத்திரை வாங்குவது குறைந்துவிட்டது.

ராத்திரி வரும் பழைய சம்பவங்களை எழுதி வையுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும், பகலில். எழுதும்போது ஒன்று தெரியும், எல்லாவற்றுக்கும் ஆட்டிசம் காரணமாக இருக்காது. சில தோழிகள் நிஜமாகவே மோசமானவர்கள்தான்.

அம்மாவின் பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. “நானும் அப்படித்தான்” என்று அவர் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒருநாள் அருகில் உட்கார்ந்து “எப்படிம்மா, சொல்லு” என்று கேளுங்கள். தாயின் பாசம் குறைந்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அபாண்டமாகச் சொன்னது. அந்தப் பயம் அவருக்குள் இருந்தால், அது தவறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மேடம், எனக்கு 29 வயது. இணையத்தில் உள்ள 50 கேள்வித் தேர்வில் 36 வாங்கினேன். எனக்கு ஆட்டிசம் உறுதிதானே?

பதில்: உறுதி இல்லை, தம்பி. 2001-ல் வெளியான அந்தக் கேள்வித்தாளில் 32-ம் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று அர்த்தம், அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கும் கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கும்கூட எண் ஏறலாம். பெரியவர்களுக்குப் பார்த்து அனுபவமுள்ள மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள். பழைய மதிப்பெண் அட்டைகளில் டீச்சர் எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால் எடுத்துப்போங்கள், சின்ன வயதில் உங்களைத் தூக்கி வளர்த்த ஒருவரையும் கூட்டிப்போங்கள். மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைக்கும்வரை சும்மா இருக்கவேண்டாம். சத்தம் தாங்கவில்லை என்றால் காதை அடைத்துக்கொள்ள யாருடைய சான்றிதழும் தேவையில்லை.