மூன்றாவது சீசன் தெரியும்வரை வீடு வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 25 வயது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வாகாமல், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணி ஒன்றில் சேர்ந்தவர். 2024, 2025 இரண்டு சீசன்களும் குறைந்தபட்சச் சம்பளத்தில் கார்னர்பேக்காக (தற்காப்பு வீரர்) ஆடினார். இப்போது தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வரி, செலவு போகக் கையில் 6.2 லட்சம் டாலர் இருக்கிறது. தன் அம்மாவுக்கு 7.5 லட்சத்தில் வீடு, நண்பரின் உணவகத்தில் பங்கு இரண்டையும் வாங்க நினைக்கிறார். வாங்கலாமா?
வாசகி, ஹூஸ்டன்

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது என்றே வைத்துப் பணத்தைத் திட்டமிடுங்கள். மூன்றாவது சீசன் கிடைத்தால் அது கூடுதல் வரவு.

அந்த மூன்றாவது சீசனின் மதிப்பு சம்பளத்தோடு முடிவதில்லை. ஓய்வூதிய உரிமைக்கு மூன்று ‘கிரெடிட்டட் சீசன்’, அதாவது கணக்கில் சேரும் சீசன், வேண்டும். ஆட்டத்தை விட்டபின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடு கிடைப்பதற்கும் அதுவே எல்லை. ஒரு சீசன் கணக்கில் சேர, குறைந்தது 3 ஆட்டங்களுக்கு முழுச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். களத்தில் இறங்கியாக வேண்டும் என்பதில்லை. காயப் பட்டியலில் இருந்தாலும் அந்த வாரங்கள் சேரும். 53 பேர் கொண்ட முதன்மைப் பட்டியலுக்கு வெளியே உள்ள பயிற்சி அணியில் கழியும் வாரங்கள் சேராது. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஆகஸ்ட் இறுதி ஆட்குறைப்பில் ஓர் அணி பயிற்சி இடமும் இன்னோர் அணி 53 பேர் பட்டியலில் இடமும் தர முன்வந்தால், ஊர் பிடிக்கவில்லை என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

தோள்பட்டை விஷயத்தில் காகிதம்தான் பணம். அணி மருத்துவர் பரிசோதிக்கும்போது வலிக்கும் ஒவ்வோர் இடத்தையும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த ஒப்பந்தம் கெட்டுவிடுமோ என்று பயந்து ‘நலம்’ எனக் கையெழுத்திட்டால், காயத்தோடு நீக்கப்பட்டார் என்று பின்னால் நிரூபிப்பது மிகக் கடினம். காயமுற்ற நிலையில் நீக்கினால் முறையீட்டுக்குக் கெடு 25 நாள். ஸ்கேன், அறுவை சிகிச்சை அறிக்கை எல்லாவற்றின் நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள். காய இழப்பீட்டு உடன்பாடு என்று காகிதம் நீட்டினால், அதில் வரும் வாரங்கள் கிரெடிட்டட் சீசனுக்குச் சேருமா என்று வீரர்கள் சங்கத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்து.

ஒப்பந்தம் இருக்கும்போது அவராக ஓய்வை அறிவிக்கவும் கூடாது. 2015-ல் லைன்பேக்கர் (தற்காப்பு வீரர்) கிறிஸ் போர்லாண்ட் ஒரே சீசனோடு விலகியபோது, ஒப்பந்தத்துக்காக வாங்கிய போனஸில் முக்கால் பங்கைத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

இனி வீடு. 20% முன்பணமே 1.5 லட்சம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் சொத்து வரி ஏறத்தாழ 2%. ஆண்டுக்கு 15,000 டாலர். கடன் தவணை இதற்கு மேல். சம்பளம் நின்ற மறுமாதமும் இவை நிற்காது. அம்மாவுக்குச் செய்ய நினைப்பது நல்ல மனசு. இப்போதைக்கு வாடகை வீடு எடுத்துக் கொடுக்கலாம். உணவகப் பங்கை அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காது. கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருந்தால் இழப்பு பங்கோடு நிற்காது.

18 மாதக் குடும்பச் செலவையும், வெளிமாநில ஆட்டங்களுக்காக அந்த மாநிலங்கள் கேட்கும் வரியையும் குறுகிய கால அரசுக் கருவூலப் பத்திரத்தில் ஒதுக்குங்கள். மீதியைப் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். 5 லட்சம் அப்படி நின்றால், ஆண்டுக்கு 4% எடுப்பது 20,000 டாலர்தான். அவர் வேறு வேலை பார்த்தாக வேண்டும். பட்டப்படிப்பு பாதியில் நின்றிருந்தால் முதல் செலவு அதற்கே.

2026-ல் அணியில் இடம் கிடைத்தால் இரண்டு சீசன் முடித்த அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 10.75 லட்சம், வாரத்துக்கு ஏறத்தாழ 59,700 டாலர். காயப் பட்டியலுக்குப் போனால் சம்பளம் குறையும் ‘ஸ்பிளிட்’ விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் அவர் போடும் ஒவ்வொரு டாலருக்கும், லீக்கும் வீரர்கள் சங்கமும் செய்த ஒப்பந்தத்தின் உச்சவரம்பு வரை இரண்டு டாலர் சேர்க்கப்படும். அவர் பங்குக்கு 2026-ன் வரம்பு 24,500. அக்டோபரில் அணியில் இருப்பாரா என்பது உறுதியில்லாததால், செப்டம்பரின் முதல் சில சம்பளங்களிலேயே அதை முழுதாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.