பணம் தராத தந்தைக்குப் பிள்ளைகளைக் காட்டாமல் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 13 வயதில் ஒரு மகளும் 8 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். நானும் கணவரும் நான்கு ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறோம். பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று 2023-ல் குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் போட்ட காப்பாளர் மனுவில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிள்ளைகளை அவரிடம் அனுப்பவும் உத்தரவானது. கடந்த 14 மாதங்களாக அவர் பணம் தரவில்லை. வேலையை விட்டுவிட்டதாகவும், நான் சம்பாதிப்பதால் தரவேண்டியதில்லை என்றும் சொல்கிறார். அந்தக் கோபத்தில் ஐந்து மாதங்களாக நானும் பிள்ளைகளை அனுப்பவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் ஃபீஸ் கட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்" என்று மகளின் கைபேசிக்கே இப்போது செய்தி அனுப்புகிறார். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வழக்குகளை எல்லாம் முடித்து, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒத்துக்கொள் என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிள்ளைகளை அனுப்பத் தொடங்குங்கள். ஜீவனாம்ச உத்தரவும் சந்திப்பு உத்தரவும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகப் பிறப்பிக்கப்பட்டவை அல்ல. அவர் ஓர் உத்தரவை மீறுகிறார் என்பதற்காக மற்றொன்றை மீறும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிப் பணத்தை நிறுத்தும் உரிமை அவருக்கும் கிடையாது. பெற்றோர் பிரிந்தாலும் இருவருடைய அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது. நாளை நீங்கள் பாக்கியைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்கப்போவது நீங்கள் அனுப்பாத அந்த ஐந்து மாதக் கணக்கைத்தான். அதைக் காட்டி, பிள்ளைகளைத் தம் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரும் மனுவைக்கூட அவர் தாக்கல் செய்யலாம். அனுப்புவதில் பாதுகாப்பு குறித்து உண்மையான அச்சம் இருந்தால், சந்திப்பின் இடத்தையோ முறையையோ மாற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். நாள் கடத்தினால் இழப்பு உங்களுக்கே என்பதால், இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக ஆகியிருக்கிறது. எண் மாறியதே தவிர, உங்கள் பிள்ளைகளின் உரிமையோ ஏற்கெனவே பெற்ற உத்தரவின் பலமோ குறையவில்லை. போதிய காரணமின்றிப் பணம் தராதவர் மீது பிடியாணை பிறப்பித்து, அபராதத்தை வசூலிப்பது போல அந்தத் தொகையை வசூலிக்கவும், அதன் பிறகும் தராவிட்டால் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இந்த வழியில் போகவேண்டுமானால், ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு (உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் மனு) போட்டாக வேண்டும். உங்களுக்கு 14 மாத பாக்கி 2,10,000 ரூபாய் என்றால், முதல் இரண்டு மாதத் தொகையான 30,000 ரூபாய் ஏற்கெனவே இந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு 15,000 ரூபாய் அதோடு சேரும்.

அதற்காக அந்த 30,000 ரூபாய் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். கெடு தாண்டியதால் பிடியாணை, சிறை என்ற இந்த வழி மட்டுமே அடைபடுகிறது, பாக்கியைப் பெறும் உரிமை அழிவதில்லை என்று 2013-ல் பூங்கோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஜீவனாம்ச உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பும் வழிகாட்டுகிறது. அப்படிச் செய்யும்போது, சாதாரணக் கடனுக்குக் கிடைக்காத ஒரு வசதி ஜீவனாம்சத்துக்கு உண்டு: பணம் தரவேண்டியவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு இருக்கும், மீதியை ஜப்தி செய்ய முடியும். சிறைக்குப் போய்வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று சில கணவர்கள் நினைக்கிறார்கள். சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழியே அன்றிப் பணத்துக்கு ஈடு அல்ல. வெளியே வந்த பிறகும் பாக்கி அப்படியே நிற்கும்.

அவர் வேலையை விட்டது உண்மையாகவே இருக்கலாம். வருமானம் உண்மையில் குறைந்திருந்தால் தொகையைக் குறைக்கக் கேட்க அவருக்கு அதே சன்ஹிதாவின் 146-வது பிரிவு இருக்கிறது. நீதிமன்றம் மாற்றும் வரை 15,000 ரூபாய் 15,000 ரூபாய்தான். உடல் நலத்தோடு உழைக்கக்கூடிய ஒருவர் 'வருமானம் இல்லை' என்று சொல்லி மனைவி, மக்களைத் தவிக்கவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. தொகையை மாற்றக் கோரி அவர் மனு போட்டால், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்ற ரஜ்னேஷ் தீர்ப்பின் நடைமுறையை வலியுறுத்துமாறு உங்கள் வழக்கறிஞரிடம் கூறுங்கள். வேலையை விட்டதாகச் சொல்பவரின் வங்கிக் கணக்கு விவரம் பல நேரங்களில் வேறு கதை சொல்லும்.

உங்கள் சம்பளம் பற்றிய அவருடைய வாதத்தை நான் முற்றிலும் தள்ளிவிடமாட்டேன். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-ன் 20-வது பிரிவு பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர்மீதும் சுமத்துகிறது. கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்கவேண்டும் என்றும், தாய் போதுமான அளவு சம்பாதித்தால் வருமானத்தின் விகிதப்படி பகிரலாம் என்றும் ரஜ்னேஷ் தீர்ப்பே கூறுகிறது. ஆனால் அது நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டிய வாதம். பிள்ளைகள் உங்கள் வீட்டிலேயே இருப்பதால் அன்றாடச் செலவில் உங்கள் பங்கு ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பதை, பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் சீட்டு, வீட்டு வாடகை ஆகியவற்றோடு எதிர்வாதமாக வையுங்கள்.

மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு முடித்துவிடச் சொல்லும் உறவினர்களின் எண்ணம் தவறு அல்ல. வழக்கு நீள நீளப் பிள்ளைகள்தான் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் 'மனைவியும் பிள்ளைகளும் இனி எந்த உரிமையும் கோரமாட்டார்கள்' என்று ஒரு வரி வழக்கமாக வந்து உட்காரும். உங்களுக்குரிய ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைகளுக்குரியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, உங்களுக்கான தொகை தனி, மகளுக்கும் மகனுக்கும் தனித்தனி என்று எழுதுங்கள். பிள்ளைகள் பங்கை அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாக வைப்பது, ஆண்டுதோறும் உயரும் பள்ளிக் கட்டணத்தையும் பெரிய மருத்துவச் செலவையும் யார், எந்த விகிதத்தில் ஏற்பது, விடுமுறை நாள்களில் பிள்ளைகள் யாரிடம் இருப்பது ஆகியவற்றையும் அதில் சேருங்கள். பாக்கியான 2,10,000 ரூபாய் புதிய தொகைக்குள் அடங்குமா, தனியா என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அடுத்த வழக்கு அதிலிருந்தே தொடங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது மகளுக்கு வந்த அந்தச் செய்திதான். 13 வயதுப் பெண் தன் பள்ளிக் கட்டணத்துக்குத் தானே பேரம் பேசும் நிலைக்கு வந்துவிட்டாள். தான் அப்பாவைப் பார்க்கப் போவதற்கு ஒரு விலை இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் செய்தியை அழிக்காமல், தேதியும் எண்ணும் தெரியும்படி நகல் எடுத்து, மின்னணு ஆவணத்துக்குரிய சான்றுரையுடன் வழக்கில் தாக்கல் செய்யுங்கள். ஆனால் அதைப் பற்றி மகளிடம் விசாரணை நடத்தாதீர்கள்; 'அப்பாவிடம் ஃபீஸ் கேட்டாயா?' என்று நீங்களும் அவளைத் தூது அனுப்பாதீர்கள். பணத்தைப் பற்றிய பேச்சு உங்கள் இருவரின் கைபேசிகளிலோ, வழக்கறிஞர்கள் வழியாகவோ மட்டும் நடக்கட்டும் என்று அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு ஞாயிறன்றும் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் இரண்டையும் அவருக்கு ஒரு செய்தியாக அனுப்பி வையுங்கள். உத்தரவை நீங்கள் மதித்ததற்கு அதுவே சான்றாகும்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீங்கள் வேலையில் இருப்பது அதற்குத் தடை ஆகாது. 2023 உத்தரவின் சான்றிட்ட நகல், கடைசியாகப் பணம் வந்த மாதம் தெரியும் வங்கிக் கணக்குப் புத்தகம், மாதவாரியான பாக்கிப் பட்டியல் ஆகியவற்றுடன் போனால், நிறைவேற்று மனுவை இந்த மாதமே தாக்கல் செய்துவிடலாம்.