வண்டி அண்ணாச்சி பதில்கள்: ஸ்பிரிங் பட்டை போட்டால் எடை வரம்பு ஏறுமா?

கேள்வி: அண்ணாச்சி, பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றி வருகிறேன். பின் கடைசியில் 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஆறடிக்கு இரண்டடி கிரானைட் மேடை, இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரி. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை வரம்பு 4,000 கிலோ. தொட்டியை நிரப்பி எடை மேடையில் ஏற்றினால், குடும்பம் ஏறாமலேயே 3,920 காட்டுகிறது. பின்பக்கமும் தாழ்ந்து நிற்கிறது. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் இன்னும் 500 கிலோ தாங்கும் என்கிறார் பட்டறைக்காரர். அதைக் காட்டி ஆர்.சி.யிலும் எடையை ஏற்றிக்கொள்ளலாமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முடியாது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. பட்டை தாங்கும்தான். ஆனால் மொத்த எடையை நிர்ணயிக்கும்போது தயாரிப்பாளர் பட்டையை மட்டும் பார்ப்பதில்லை. அச்சு, சக்கர பேரிங், ரிம், டயர், பிரேக், சேஸிஸ் எனும் அடிச்சட்டம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். இவற்றில் எது மெலிந்ததோ, அதுதான் கணக்கு. நீங்கள் பட்டை போட்டதும் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும். அனுமதி வாங்கி மாஞ்சோலைக்குப் போய்விட்டு மணிமுத்தாறு பக்கம் இறங்கும்போது, சூடேறிய பிரேக் டிரம்முக்கு உங்கள் பட்டையின் எண்ணிக்கை தெரியாது.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எடை மீறி ஓட்டினால் 194ஆம் பிரிவு: அபராதம் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000, சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான். சொல்லப்போனால் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டதே மாற்றம்தான். அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கினீர்களா என்று கடிதத்தில் இல்லை. மிச்ச வேலையை நிறுத்திவிட்டு முதலில் அங்கே போய் வாருங்கள்.

இனி எடைக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் குடியிருந்துகொண்டு 300 லிட்டர் தண்ணீரைச் சுமந்து கிளம்புகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக 300 கிலோ. அதையும் கொண்டுபோய் வாலில் வைத்திருக்கிறீர்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர், தொட்டி பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பின் அச்சில் விழுவது 300 அல்ல, 400. முன் அச்சில் 100 கிலோ குறைகிறது. ஏறி இறங்கும் பலகையில் சிறுவர்கள் ஆடுவதுபோலத்தான் இது. பின்பக்கம் தாழ்வதற்கும், வேகத்தில் ஸ்டீரிங் லேசாகத் தோன்றுவதற்கும் காரணம் அதுவே. தொட்டியை 100 லிட்டராகச் சுருக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே தள்ளுங்கள். குளித்துவிட்டால் எடை குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அழுக்குத் தண்ணீர் கழிவுத் தொட்டியில் உங்களோடுதான் பயணம் செய்கிறது.

கிரானைட்டைப் பற்றி என்ன சொல்ல! 18 மில்லிமீட்டர் பலகை சதுர அடிக்கு நாலரை கிலோ வரும். உங்கள் மேடை மட்டும் 54 கிலோ. அந்த இடத்தில் எவர்சில்வர் தகடு போட்டால் பத்துக் கிலோவுக்குள் முடிந்துவிடும். வீட்டில் வைக்கிற டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். லித்தியம் பேட்டரி விலை கூடுதல், ஆனால் எடை பாதிகூட வராது. இந்த மூன்றிலேயே 300 கிலோ இறங்கிவிடும். பிறகு 3,620 சொச்சத்தோடு தலைக்கு 65 கிலோவாக நான்கு பேர் ஏறினாலும், துணிமணி, அரிசி, பருப்புக்கு 100 கிலோ மிச்சம் இருக்கும். எரிவாயு சிலிண்டரை மறந்துவிடாதீர்கள். 14.2 கிலோ வாயு என்றால் இரும்போடு சேர்த்து 30 கிலோ.

மறுபடி எடை மேடைக்குப் போகும்போது மூன்று முறை எடை எடுங்கள்: முன் சக்கரங்கள் மட்டும், முழு வண்டி, பின் சக்கரங்கள் மட்டும். மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறியிருக்கும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 113 அல்லது 121/120 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 113 என்றால் ஒரு டயர் தாங்குவது 1,150 கிலோ, 121 என்றால் 1,450. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் இரட்டைச் சக்கரத்துக்கு உரியது.

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் 3,500 கிலோ வரம்புள்ள மோட்டார்ஹோம் (வீட்டு வண்டி) வாங்கியிருக்கிறான். அங்கே எதையும் மாற்றாமல், காகிதத்திலேயே 3,850 ஆக உயர்த்திக் கொடுக்கிறார்களாம். ஏமாற்று வேலையா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஏமாற்று இல்லை. அங்கே பல மோட்டார்ஹோம்கள் ஃபியட் டுகாட்டோ வேனின் சேஸிஸில் கட்டப்படுகின்றன. 3,500 கிலோ வண்டியில் முன் அச்சுக்கு 1,850, பின் அச்சுக்கு 2,000 என்று வண்டியின் எடை வரம்புத் தகட்டில் இருப்பது வழக்கம். கூட்டிப் பாருங்கள், 3,850. அச்சுகளுக்கு ஏற்கெனவே இருக்கும் பலத்தைத்தான் பொறியாளர்கள் ஆராய்ந்து, புதுத் தகடு கொடுத்து, பதிவிலும் மாற்றச் செய்கிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் டயர், துணை ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குத் துணையான காற்றுப் பை என்று செலவு தொடங்கும்.

ஆனால் மகன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புதுத் தகடு வந்தாலும் பின் அச்சின் வரம்பு அதே 2,000தான். அந்த வண்டிகளுக்கு வால் நீளம், பின்னால்தான் முதலில் மீறும். அடுத்தது உரிமம். 1997 ஜனவரி 1 முதல் அங்கே கார் தேர்வில் தேறியவர்கள் சாதாரணமாக 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். நம் ஊரில் இலகு ரக உரிமம் 7,500 கிலோ வரை செல்லும் என்பதால், இங்கிருந்து போனவர்களுக்கு இது தோன்றாது. தகட்டை உயர்த்திய மறுநாள் அவர் தன் சொந்த வண்டியையே ஓட்ட முடியாமல் நிற்கக்கூடும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கான சி1 உரிமத்தை முதலில் வாங்கட்டும், தகடு பிறகு. வரிப் பிரிவும் மாறும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: 2018இல் அரசே லாரிகளின் எடையைக் கூட்டியதே? அதே சலுகையை வேனுக்குக் கேட்கலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: அப்போது இரண்டு அச்சு லாரியின் உச்சவரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. சாலையில் ஓர் அச்சு அதிகபட்சம் எவ்வளவு அழுத்தலாம் என்ற கணக்கு அது. நான்கு டன் வேன் அந்த உச்சத்தின் பக்கத்திலேயே இல்லை, கேட்டும் பயனில்லை. உங்கள் வண்டித் தகட்டில் இரண்டு அச்சுகளுக்கும் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.