பழசை விடுறதெண்டா எதை விடுறது?

கேள்வி: போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தன் ஐயா. குடி, சிகரெட், அந்தக் கூட்டாளிமார் எல்லாம் விட்டாச்சு, ஃபோன்ல இருந்த சினிமாப் பாட்டையும் டிலீட் பண்ணிட்டன். ஆனா அண்ணாவோட கதைக்கிறேல்ல. அம்மாட சாவகச்சேரிக் காணியால வந்த சண்டை, அப்ப நானும் தாறுமாறாப் பேசிட்டன். அவர் வத்தளையில தான் இருக்கிறார். "பின்னானவைகளை மறந்து" எண்டு வேதமே சொல்லுதே, இதையும் மறந்திட்டுப் புதுசாப் போகலாம் தானே?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, குடியை விட்டதுக்கு முதல்ல கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அது லேசான காரியம் இல்லை. ஆனா அந்த வசனத்தை நீங்கள் பிழையாப் பிடிச்சிருக்கிறீங்கள். அது வாற பிலிப்பியர் 3ஐ 5ஆம் வசனத்தில இருந்து வாசிச்சுப் பாருங்கோ, பவுல் எதை விட்டவர் எண்டு அங்கயே இருக்கு: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன், நியாயப்பிரமாணத்தின்படி குற்றஞ்சாட்டப்படாதவன். எல்லாம் தன்ர பெருமை. ஆருக்கோ தீர்க்கவேண்டிய கணக்கை மறந்திட்டு ஓடச்சொல்லி அவர் எழுதேல்ல.

வரி வசூலிச்ச சகேயுவைப் பாருங்கோ. இயேசு வீட்டுக்கு வந்த அண்டைக்கு அந்த மனுஷன் "பழசெல்லாம் முடிஞ்சுது" எண்டு சொல்லேல்ல, ஆரிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலு மடங்காத் திருப்பிக் குடுக்கிறன் எண்டு எழும்பி நிண்டு சொன்னவர், இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது எண்டு ஆண்டவர் சொன்னது அதுக்குப் பிறகு தான். எபேசியர் 4லயும் பழைய மனுஷனைக் களைஞ்சுபோடுங்கோ எண்டு சொன்ன கையோட பவுல் எடுக்கிறதெல்லாம் பொய், கோபம், களவு, கெட்ட வார்த்தை, கசப்பு. சூரியன் அஸ்தமிக்க முதல் எரிச்சல் தணியோணும் எண்டதும் அங்க தான், 26ஆம் வசனம். எங்கட சபையள்ல கனபேர் நகையைக் கழட்டுவம், டிவியை நிப்பாட்டுவம், கூடப்பிறந்ததைக் கண்டா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவம். எனக்கு இது பெரிய வேதனை.

ஒரு ஞாயிறு பின்னேரம் வத்தளைக்கு நேர போங்கோ, வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புற வேலை வேண்டாம். காணிக் கதையை எடுக்காதேங்கோ, உறுதியைக் கையில கொண்டும் போகாதேங்கோ. "நான் உங்களை மன்னிச்சிட்டன்" எண்டும் சொல்லாதேங்கோ, அதைக் கேட்டா ஆருக்கும் கொதி தான் வரும். "அண்டைக்கு நான் பேசினது பிழை அண்ணா", அவ்வளவும் போதும். கதவைத் திறக்காட்டி திரும்பி வந்திட்டு இன்னொருக்காப் போங்கோ. காணியைக் கதைக்க வேற நாள் இருக்கு, அதில ஒத்துவராட்டியும் கோர்ட்டுக்கு ஓட முதல் பிணக்கைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை இருக்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது, அங்க லோயர்மார் உங்களுக்காகக் கதைக்க ஏலாது, அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் இருந்து தான் கதைக்கோணும், உங்களுக்கு அதுவே நல்லம்.

கேள்வி: எங்கட சபையில கீர்த்தனைப் புத்தகத்தை மூடிட்டு இப்ப ஸ்கிரீனும் கிட்டாரும் தான். எழுபது வயசில எனக்குப் போகவே மனமில்லை.
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, உங்கட கவலை நியாயமானது. பழைய திராட்சரசத்தைக் குடிச்சவன் உடன புதுசை விரும்பமாட்டான் எண்டு லூக்கா 5:39ல ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனா நீங்கள் உயிரா நேசிக்கிற கீர்த்தனையும் ஒரு காலத்தில புதுசு தானே, தரங்கம்பாடி மிஷனரிமார் காலத்தில ஜெர்மன் பாட்டுகளை மொழிபெயர்த்துத் தான் பாடினவை, வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) எங்கட ராகங்கள்ல பாடிவச்சது பிறகு. கத்தோலிக்க ஆக்களுக்கும் 2ஆம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) முதல் பூசை லத்தீன்ல தான், தமிழ் வந்த நேரம் லத்தீன் போகுதே எண்டு அழுதவையும் இருந்திருப்பினம்.

போறதை மட்டும் நிப்பாட்டாதேங்கோ. பாட்டுக் குழுப் பிள்ளைகளிட்ட மாசத்துக்கு ஒரு கீர்த்தனை கேளுங்கோ, அவையளுக்கு ராகம் தெரியாது, நீங்கள் தான் பக்கத்தில இருந்து பாடிக் காட்டோணும். ஸ்கிரீன்ல எழுத்தைப் பெருசாப் போடச்சொல்லியும் கேளுங்கோ.