விம்மில் காப்பி செய்தது பிரவுசரில் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது. விம் எடிட்டரில் வரிகளைக் காப்பி செய்து பிரவுசரில் ஒட்டினால், முன்பு எப்போதோ காப்பி செய்ததுதான் வருகிறது. விம்மின் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பில் கிளிப்போர்டு வரியைச் சேர்த்தும் பயனில்லை. சர்வீஸ் கடையில் ஓஎஸ்ஸையே மறுபடி போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மறுபடி போட்டாலும் இதே விம்தான் வரும், இதே தொல்லையும் கூடவே வரும். இதற்குப் பணம் கேட்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே கேட்கிறார்.

விம்மில் ஒய் தட்டிக் காப்பி செய்தால், அது விம்மின் சொந்த ரெஜிஸ்டருக்குத்தான், அதாவது விம் தனக்குள் வைத்திருக்கும் சேமிப்பிடத்துக்குத்தான் போகும். கணினியின் பொதுவான கிளிப்போர்டு வேறு. இரண்டையும் இணைக்கும் வசதி விம்மைத் தயாரிக்கும்போதே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனும், உபுண்டுவும் 'விம்' என்ற பெயரில் தரும் பேக்கேஜில் அது இல்லை. இல்லாத வசதியை விம்ஆர்சியில் எத்தனை வரி எழுதினாலும் கொண்டுவர முடியாது. டெர்மினலில் 'விம் --வெர்ஷன்' என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். வரும் பட்டியலில் கிளிப்போர்டு என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் வசதி இல்லை. கூட்டல் குறி இருந்தால் உண்டு.

திரையே இல்லாத சர்வர்களிலும் ஓட வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். அந்த நியாயம் புரிகிறது. ஆனால் லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு, விம்மை நிறுவும்போதே ஒரு வரியில் இதைச் சொல்லக் கூடாதா? வருடக்கணக்காக இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

சரி, தீர்வு ஒரே ஒரு பேக்கேஜ்தான். 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்-ஜிடிகே3' என்று கொடுங்கள். உங்கள் விம்ஆர்சி அப்படியே இருக்கும், விம் என்று தட்டினால் இனி புதியதே திறக்கும். நீங்கள் சேர்த்த வரி 'செட் கிளிப்போர்டு=அன்நேம்டுபிளஸ்' என்றால், அதுவும் வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்த வரி வேண்டாம் என்றால் வரிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரட்டை மேற்கோள் குறி, கூட்டல் குறி, ஒய் என வரிசையாகத் தட்டிக் காப்பி செய்யலாம். ஒட்டுவதற்கு ஒய்க்குப் பதில் பி.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இந்த ஒற்றை வரியை ஒட்டினால் எல்லாம் சரியாகும்" என்று இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை சுடோ கொடுத்து ஓட்டாதீர்கள். எங்கிருந்தோ இறக்கிய கோப்புக்கு உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறீர்கள். பக்கத்தில் தெரியும் வரி ஒன்றாகவும், காப்பியாகும் வரி வேறொன்றாகவும் இருக்கும்படி செய்ய முடியும். அதனால் சின்னக் கட்டளைகளைக் கையால் தட்டிப் பழகுங்கள். யாரென்றே தெரியாதவரின் பிபிஏவையும், அதாவது தனிநபர் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியத்தையும் சேர்க்காதீர்கள். இந்த வேலைக்கு வேண்டியது உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கிறது.

தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு சர்வரில் விம் திறப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே விம் ஓடுவது அந்தச் சர்வரில், கிளிப்போர்டு இருப்பதோ உங்கள் மேசையில். ஆகவே சர்வரில் அந்தப் பேக்கேஜை மட்டும் நிறுவிப் பயனில்லை. லினக்ஸில் திரையையும் கிளிப்போர்டையும் கவனிக்கும் எக்ஸ் முறையைச் சர்வர்வரை நீட்டும் எக்ஸ் ஃபார்வர்டிங் என்ற வழி உண்டு. ஆனால் அதைத் திறந்துவிட்டால், சர்வரைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் திரையையும் விசைகளையும் கவனிக்க வழி கிடைக்கலாம். முழுதாக நம்பாத சர்வரில் அது வேண்டாம். எளிய வழி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே மவுஸால் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி தட்டுவது. வரி எண்கள் தெரிந்தால் அவையும் சேர்ந்து வரும்; முதலில் விம்மில் முக்காற்புள்ளி தட்டி 'செட் நோநம்பர்' கொடுங்கள். திரையில் தெரிவது மட்டும்தான் காப்பியாகும், நீளமான கோப்புக்கு இது சரிவராது. அடிக்கடி இந்த வேலை இருந்தால், விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த எடிட்டரான நியோவிம்மில், 2024இல் வந்த 0.10 அல்லது அதற்குப் பிந்தையதைச் சர்வரில் போடுங்கள். டெர்மினல் வழியாகவே உங்கள் கிளிப்போர்டுக்கு அனுப்பும் ஓஎஸ்சி 52 என்ற முறை அதில் உள்ளேயே இருக்கிறது. டெர்மினலும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். கிட்டி என்ற டெர்மினல் ஒத்துழைக்கும், எல்லாம் அப்படி இல்லை.

ஒட்டி முடிக்கும்வரை விம்மை மூடாதீர்கள், கண்ட்ரோல்-இசட் போட்டு நிறுத்தியும் வைக்காதீர்கள். எக்ஸ் முறையில் காப்பி செய்ததைக் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது விம்தான். அது ஓடாவிட்டால் பல கணினிகளில் எதுவும் ஒட்டாது.