தைலம் விற்க ஒரு உரிமம், சோப்பு விற்க இன்னொரு உரிமம்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். தைலம் காய்ச்சுபவரிடம் கேனில் நீலகிரித் தைலம் வாங்கி, 50 மி.லி., 100 மி.லி. பாட்டில்களில் அடைத்து, 'சளி, மூட்டுவலிக்குச் சிறந்தது' என்று லேபிள் ஒட்டி விற்கிறோம். அதே தைலம் சேர்த்துக் குளியல் சோப்பும் செய்கிறோம். உதகையில் ஒரு கடைக்காரர், உரிம எண் இல்லாத சரக்கை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எங்களிடம் உத்யம் பதிவும், சாக்லேட்டுக்காக எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவும் உள்ளன. இவை போதாதா?

பதில்: போதாது, கடைக்காரர் சொன்னது சரி. உத்யம் பதிவு உங்கள் தொழில் எந்த அளவினது என்பதைக் காட்டும் சான்று மட்டுமே. எதையும் தயாரிக்கவோ விற்கவோ அது அனுமதி தருவதில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு சாக்லேட்டோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பதினான்கு இலக்க எண்ணைச் சோப்பு உறையில் அச்சிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்றாலும், இல்லாத அனுமதி இருப்பதாகக் காட்டுவதாகவே அது ஆகும் என்பதால், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

தைலத்துக்கும் சோப்புக்கும் பொருந்துவது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதோடு, அது எதற்காக விற்கப்படுகிறது என்பதையும் இச்சட்டம் கேட்கிறது. நீலகிரித் தைலம் இந்திய மருந்தியல் நூலில் இடம்பெற்ற பொருள். அதன்மேல் சளிக்கு, மூட்டுவலிக்கு என்று எழுதிவிட்டால் அது ஐயமின்றி மருந்தாகிவிடுகிறது. 'நாங்கள் காய்ச்சவில்லையே, அடைக்கத்தானே செய்கிறோம்' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சட்டத்தின் வரையறைப்படி, விற்பனைக்காகப் பொதிவதும், பெரிய அளவிலிருந்து சிறு அளவுகளாகப் பிரிப்பதும், லேபிள் ஒட்டுவதும் உற்பத்திக்குள் அடங்கும். மருந்தை உரிமமின்றி உற்பத்தி செய்து விற்பதற்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் சட்டத்தில் உண்டு. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு நாலு பாட்டில் விற்பதாக நீங்கள் கருதும் செயலைச் சட்டம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'வீட்டு மருந்துக்கு உரிமம் வேண்டாம்' என்று மலையில் பலர் நம்புவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மருந்து விதிகளின் கே அட்டவணையில் உள்ள வீட்டு மருந்துகளின் பட்டியலில் நீலகிரித் தைலத்தின் பெயர் உண்மையாகவே உள்ளது. ஆனால் அந்த விலக்கு விற்பனை உரிமத்துக்கு மட்டுமே உரியது; மக்கள்தொகை ஆயிரத்தைத் தாண்டாத சிற்றூர்களுக்கு மட்டுமே பொருந்துவது; அங்கும் உரிமம் பெற்ற உற்பத்தியாளரின் மூடி திறக்கப்படாத பாட்டிலைத்தான் விற்கலாம். கோத்தகிரிக் கடைவீதியும் உதகையும் அந்தக் கணக்கில் வரவே மாட்டா. நீங்கள் கேனிலிருந்து நிரப்பிய பாட்டிலுக்கோ எந்தச் சிற்றூரிலும் அந்த விலக்கு கிடைக்காது.

ஆகவே தைலத்துக்கு உங்கள்முன் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 24-பி படிவத்தில் விண்ணப்பித்து, 25-பி படிவத்தில் மறுபொதிவு உரிமம், அதாவது மொத்தமாக வாங்கியதைச் சிறு பாட்டில்களில் அடைத்து விற்பதற்கான உரிமம், பெறுவது. சுகாதாரமான தனி இடம், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை, பரிசோதனைக்கான ஏற்பாடு ஆகியவற்றை அதற்குக் காட்ட வேண்டும். ஆனால் விண்ணப்பத்தை எடுப்பதற்கு முன், உங்களுக்குத் தைலம் தருபவரிடம் மருந்து உற்பத்தி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இலையை வேகவைத்துத் தைலம் வடிப்பவர்களில் பலர் அதை மணப்பொருள் மூலப்பொருளாக விற்பவர்களே தவிர, மருந்தாக விற்பவர்கள் அல்லர். அவரிடம் உரிமம் இல்லையென்றால் உங்கள் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது வழியையே உங்கள் குழுவுக்குப் பரிந்துரைக்கிறேன்: உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடம் மூடி முத்திரையிட்ட பாட்டில்களாக வாங்கி, 19-ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 20-ஏ என்னும் வரையறுக்கப்பட்ட விற்பனை உரிமத்தின்கீழ் விற்பது. மருந்தாளுநரை வேலைக்கு வைக்க முடியாத சிறு வணிகர்களுக்கென்றே இருக்கும் உரிமம் அது. இலாபம் குறையும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பெயரில் ஆபத்து இருக்காது.

சித்த மருந்து என்று காட்டி 25-டி உரிமம் வாங்கலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். அதற்கான டி (T) அட்டவணை 1,200 சதுர அடிக் கட்டடம் கேட்கிறது. ஒரேயொரு தைலத்துக்காக அந்தச் செலவில் இறங்க வேண்டாம்.

இந்தத் தைலத்தில் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு நியாயமும் உண்டு. நம் வீடுகளில் அது எப்போதும் கைக்கெட்டும் மருந்து. சிறு குழந்தை சில மி.லி. விழுங்கிவிட்டாலே வலிப்பு வரக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற எச்சரிக்கையும் இல்லாத பாட்டில் ஒன்றை, அதைப்பற்றி எதுவுமே தெரியாத வெளியூர்க் குடும்பம் வாங்கிச் செல்வதை நினைத்துப் பாருங்கள்.

இனி சோப்பு. உங்கள் எதிர்காலம் இதில்தான் இருக்கிறது என்று நினைப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அழகுப் பொருள் என்ற வரையறையிலிருந்து சோப்பு ஒரு காலத்தில் விலக்கப்பட்டிருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இப்போது 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருட்கள் விதிகளின்படி, காஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, காஸ்-8 படிவத்தில் மாநில உரிம அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. கிடைத்த உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் மட்டும் செலுத்தி வர வேண்டும்.

ஆள் தகுதியைக் கண்டு மலைக்க வேண்டாம். மருந்தியல் பட்டயம் பெற்றவராகவோ, பதிவு பெற்ற மருந்தாளுநராகவோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு இடைநிலைத் தேர்வோ அதற்கு இணையானதாக உரிம அதிகாரி ஏற்கும் தேர்வோ தேறியவராகவோ ஒருவர் முழுநேரப் பணியில் இருந்தால் போதும். உங்கள் பன்னிரண்டு பேரில் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர் யார் என்று இன்றே கேட்டு வையுங்கள். அவருடைய மதிப்பெண் பட்டியல் இணையானதாக ஏற்கப்படுமா என்பதை மருந்து ஆய்வாளரிடம் கேட்டு உறுதிசெய்யலாம். உண்மையான இடர் இடம்தான். சிறு அளவில் குளியல் சோப்பு செய்வதற்கே குறைந்தது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1,076 சதுர அடி, விதிகளில் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. மூலப்பொருள், உறைகள், முடிந்த சரக்கு ஆகியவற்றை வைக்க அதற்கு மேலும் இடம் வேண்டும். கொப்பரை, உலர்த்தி, அரைவை உருளை, வெட்டும் கருவி, முத்திரை அச்சு எனக் கருவிப் பட்டியலும் நீளமானது. சரிவில் படிபடியாக வீடு கட்டி வாழும் நம் ஊர்களில் அவ்வளவு சமதளம் கிடைப்பது எளிதன்று.

இதற்காகவே கடன் உரிமம் என்ற ஏற்பாடு இருக்கிறது. காஸ்-6இல் விண்ணப்பித்து காஸ்-9 பெற்றால், ஏற்கெனவே உரிமம் உள்ள வேறொருவரின் ஆலையில், அவருடைய கருவிகளைக் கொண்டு, உங்கள் பெயரில் சோப்பு தயாரித்துக்கொள்ளலாம். கையால் கலக்கி, வாரக்கணக்கில் உலரவிட்டுச் செய்யும் பக்குவம் அங்கே அப்படியே கிடைக்காது. அந்த இழப்பை நீங்கள் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆயினும் சந்தை உங்கள் சோப்பை ஏற்கிறதா என்று பார்க்காமல், கட்டடத்துக்குக் கடன் வாங்குவதை நான் ஒப்ப மாட்டேன்.

எந்த உரிமமானாலும், ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சொந்தப் பரிசோதனைக் கூடம் இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பச்சை நிறம் வேண்டுமென்று கடையில் கிடைக்கும் சாயத்தைப் போடாதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அனுமதித்த நிறங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. உறையில் உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், கூட்டுப்பொருள்கள், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையின்போது கையால் செய்த சோப்பு எப்படி வியர்க்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகவே அந்த மாதத்தை வேறொருவர் உறையைப் பார்த்து எழுதாமல், உங்கள் சரக்கை ஒரு மழைக்காலம் வைத்துப் பார்த்து எழுதுங்கள். 'தோலைச் சுத்தமாக்கும், நறுமணம் தரும்' என்று எழுதலாம். 'படை, சொறி நீங்கும்' என்று எழுதினால் சோப்பும் மருந்தாகிவிடும்.

எடையளவுச் சட்டத்தின்கீழ், பொதிபவராகப் பதிவு செய்வது எளிய வேலை: பொதியத் தொடங்கிய 90 நாட்களுக்குள் 500 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவற்றை உறையிலேயே குறிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: கேனிலிருந்து நிரப்பிய தைலத்தின் விற்பனையையும், உரிமம் வரும்வரை சோப்பு விற்பனையையும் நிறுத்துங்கள். சாக்லேட் விற்பனை தொடரட்டும். பிறகு தைலம் தருபவரின் உரிம நகல், சோப்பில் சேரும் பொருட்களின் பட்டியல், புதிய லேபிளின் வரைவு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரை நேரில் பாருங்கள். லேபிளை அச்சுக்குக் கொடுத்த பிறகு போகாதீர்கள். வரைவு நிலையில் அவர் அடித்துத் திருத்தும் ஒரு வரி, அச்சடித்த ஐயாயிரம் உறைகளை மிச்சப்படுத்தும். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தை நம்பியிருக்கிறீர்கள் என்றால், இந்தச் சந்திப்பை அடுத்த வாரத்துக்குக்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.