நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: பேத்தி ஐந்தாம் வகுப்பு. எச்.பி.வி. என்ற கிருமிக்கான தடுப்பூசிக்குப் பள்ளியிலிருந்து சம்மதத் தாள் வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்தச் சின்ன வயதில் எதற்கு ஊசி? பின்னால் குழந்தை பிறக்காது என்று கோயிலில் ஒருவர் சொன்னார். மகள் கையெழுத்துப் போடத் தயங்குகிறாள்.
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: போடச் சொல்லுங்கள் அம்மா. குழந்தை பிறக்காது என்பது வெறும் புரளி. ஊசியில் உயிருள்ள கிருமியே கிடையாது, அதன் மேலோட்டுப் புரதம் மட்டும்தான். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி தாம்பத்தியத்தில் தொற்றுவது. தொற்றிய பிறகு போட்டால் அதை விரட்டாது, அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள். இந்த ஊசி போட்டால் பெண் கெட்டுப்போவாள் என்று சிலர் பயப்படுவார்கள்; பேத்தியின் நடத்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2014-இல் நம் தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளில் தொடங்கியபோது நான்காம் வகுப்புப் பெண்களுக்கு இரண்டு தவணை. 9 முதல் 14 வயதுவரை ஒரே தவணையும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. தாளில் எத்தனை என்று பாருங்கள்.

அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். வரிசையில் முன்னால் நிற்பவள் அழுதால், பின்னால் நிற்கும் நாலு பேருக்குத் தலைசுற்றும்! ஊசி போட்டதும் கால்மணி நேரம் உட்காரட்டும். கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், மகளுக்கு 30 வயது தாண்டிவிட்டதா? கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை அரசு கிளினிக்கில் இலவசம். பேத்தியும் வளர்ந்த பிறகு அதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும், ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது.